முதல் ஆஜருக்கு முன்னால் இருக்கும் நாலு மணி நேரம்

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிக் கைது செய்தவரை ஒன்பது மணிவாக்கில் மார்ஷல்களின் (ஃபெடரல் கைதிகளைக் காவலில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள்) லாக்கப்பில் கொண்டுவந்து விடுவார்கள். கைரேகையும் போட்டோவும் முடியப் பத்தாகிவிடும். மாஜிஸ்திரேட் நீதிபதி முன் ஆஜர் மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் அவரிடம் பேசி, சொன்னதைச் சரிபார்த்து, பழைய வழக்குகளைத் தோண்டி எடுத்து, அறிக்கை எழுதி, மேலதிகாரியிடம் காட்டி, நீதிபதி கையிலும் இரண்டு தரப்பு வக்கீல்கள் கையிலும் சேர்த்தாக வேண்டும். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில், கைதானவரைப் பிணையில் விடலாமா என்று நீதிபதிக்கு அறிக்கை தந்து, விட்டால் வழக்கு முடியும்வரை கண்காணிக்கும் பிரீட்ரையல் சர்வீசஸ் அதிகாரியின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரே காலையில் நாலு பேர் கைதானால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வேலை 1974ஆம் ஆண்டு விரைவு விசாரணைச் சட்டத்தின் கீழ் பத்து ஃபெடரல் நீதிமன்ற மாவட்டங்களில் சோதனையாக ஆரம்பித்தது. 1982இல் தனிச் சட்டம் வந்து நாடு முழுக்கப் பரவியது. இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 1984இன் பிணைச் சீர்திருத்தச் சட்டம். சில மாவட்டங்களில் இதற்குத் தனி அலுவலகம் உண்டு. பலவற்றில், தண்டனை பெற்றவர்களை வெளியே கண்காணிக்கும் புரொபேஷன் அலுவலகத்தோடு சேர்ந்தே இருக்கும். எப்படி இருந்தாலும் சம்பளம் தருவது நீதிமன்றம். அதிகாரி போலீஸ் பக்கமும் இல்லை, வக்கீல் பக்கமும் இல்லை. அவர் முன்னால் இருப்பவை இரண்டே கேள்விகள். இந்த ஆளை வெளியே விட்டால் சொன்ன தேதிக்குக் கோர்ட்டுக்கு வருவாரா? வெளியே இருக்கும் நாட்களில் யாருக்காவது ஆபத்தா? குற்றம் செய்தாரா இல்லையா என்பது நம் மேசைக்கே வராத கேள்வி. புதிதாகச் சேருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பேட்டிக்குப் போகும் முன் புகார் மனுவை ஒரு தடவை படித்துவிட வேண்டும். கதைக்காக இல்லை, பிரிவுகளுக்காக. பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய போதைப்பொருள் வழக்கு, போதை வியாபாரத்திலோ வன்முறைக் குற்றத்திலோ துப்பாக்கி இருந்த வழக்கு, சிறார் பாதிக்கப்பட்ட சில வகை வழக்குகள் என்றால் ஆளை உள்ளே வைப்பதே சரி என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு உடைக்கலாம். ஆனால் அது இருக்கிறது என்று தெரியாமல் எழுதிய பரிந்துரை கோர்ட்டில் நிற்காது. ஆள் ஏற்கெனவே வேறெங்காவது புரொபேஷனில் இருக்கிறாரா, வேறு வழக்கில் பிணையில் இருக்கிறாரா, அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாதவரா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால், தப்பி ஓடக்கூடும் அல்லது ஆபத்து என்று நீதிபதி கருதும் பட்சத்தில், அந்தந்த அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வசதியாகப் பத்து நாள் வரை நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விடுமுறை நாட்கள் இந்தப் பத்தில் சேராது.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லும் முதல் ஐந்து வாக்கியங்களில் பேட்டியின் பாதி முடிந்துவிடும். நான் உங்கள் வக்கீல் இல்லை. உங்களைக் கைது செய்தவர்களோடு வேலை செய்கிறவனும் இல்லை. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்து நீதிபதி பிணை முடிவு செய்வார். நீங்கள் குற்றவாளியா என்பதற்கு அதைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: பின்னால் தண்டனை வந்தால், தண்டனைக்கு முந்தைய அறிக்கை எழுதும் புரொபேஷன் அதிகாரி இந்தக் கோப்பைப் பார்க்கலாம், இங்கே சொன்ன பொய் அன்றைக்குக் கணக்கில் வரலாம். பேச விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம் என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது, நாமே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பத்து நிமிடத்தில் "சார், நான் அங்கே போனதே சும்மாதான்..." என்று ஆரம்பிப்பார்கள். கையை உயர்த்தி நிறுத்த வேண்டும். கேட்டுவிட்டு எழுதாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது தப்பு. ஒரு தடவை அந்த மாவட்டத்து வக்கீல்களுக்கு நம்மேல் சந்தேகம் விழுந்தால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் தங்கள் கட்சிக்காரர்களைப் பேட்டிக்கே அனுப்ப மாட்டார்கள். வெறும் பழைய வழக்குப் பட்டியலை மட்டும் வைத்து எழுதும் அறிக்கை எப்போதும் ஆளுக்குப் பாதகமாகத்தான் முடியும். வக்கீல் உடன் இருக்க விரும்பினால் நேரம் குறுகலாக இருந்தாலும் காத்திருப்பதே மேல். நாடு கடத்தப்பட்ட பின் மீண்டும் நுழைந்தார் என்ற வழக்கில் எங்கே பிறந்தார், எப்போது வந்தார் என்பவையே குற்றத்தின் கூறுகள் ஆகிவிடும். வழக்கமான படிவத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கேள்விகளை வக்கீல் இல்லாமல் கேட்கக் கூடாது.

கேள்வி கேட்கும் விதத்துக்கு வருவோம். "முகவரி என்ன?" என்றால் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது வரும். "கடந்த ஏழு ராத்திரியும் எங்கே படுத்தீர்கள்?" என்றால் உண்மை வரும். வாடகை யார் பேரில், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது பரோலில் இருக்கிறார்களா, வீட்டில் துப்பாக்கி உண்டா, அது யாருடையது, இப்போது எந்த அலமாரியில்? பாஸ்போர்ட் "இருக்கிறதா" என்று கேட்டு நிறுத்தக்கூடாது. எத்தனை, எந்த நாட்டுடையவை, காலாவதியானதும் சேர்த்து, இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். "போதைப் பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு எல்லாரும் இல்லை என்பார்கள். "கடைசியாக எப்போது, என்ன?" என்று கேட்டால் தேதியோடு பதில் வரும். வேலையைப் பற்றிக் கேட்கும்போது முதலாளிக்குப் போன் போடலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கைதானது தெரிந்து வேலை போனால், நாம் பரிந்துரைக்கப் போகும் முக்கியமான ஆதாரமே போய்விடும். சம்பள ரசீது, வங்கிக் கணக்கு என்று வேறு வழியில் உறுதி செய்துகொள்ளலாம்.

மருந்து விஷயத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர், போதைப் பழக்கச் சிகிச்சைக்கு மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால் அடுத்த வேளை எப்போது என்று குறித்து உடனே மார்ஷல்களிடம் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். இதுவரை போலீஸ் நிலையத்தையே பார்க்காத, குடும்பமும் நல்ல வேலையும் உள்ள ஒருவர் சிறார் ஆபாசப் பட வழக்கில் கைதாகியிருந்தால் முதல் சில நாட்கள் மிகவும் ஆபத்தானவை. பார்க்க அமைதியாகத்தான் இருப்பார். பழைய வழக்குகள் இல்லாததால், ஒவ்வொருவருக்கும் புள்ளி போட்டுப் பார்க்கும் ஆபத்துக் கணக்கில் குறைந்த எண்ணும் வரும். அந்த எண்ணுக்கு இந்த ஆபத்து தெரியாது.

சரிபார்ப்பு என்பது போன்தான். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: கைதானவரின் செல்போனைக் கைது செய்த ஏஜென்டுகள் எடுத்து வைத்திருப்பார்கள். அம்மாவின் நம்பர்கூட யாருக்கும் மனப்பாடமாகத் தெரிவதில்லை. வாரண்டுக்கு வெளியே போகாத முறையில் அந்த ஒரு நம்பரை ஏஜென்டிடம் கேட்டு வாங்கும் பழக்கத்தை முன்பே ஏற்படுத்தி வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் மிச்சம். எதிர்முனையில் எடுத்தவரிடம் பதிலை நாமே ஊட்டக்கூடாது. "அவர் அஞ்சு வருஷமா உங்களோடதானே இருக்கார்?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "அவர் எங்கே இருக்கிறார், யாரோடு, எவ்வளவு நாளாக?" என்று கேட்க வேண்டும். என்ன வழக்கு என்று நாம் சொல்லக்கூடாது. அறிக்கையில் உள்ள தகவல் சட்டப்படி ரகசியம். மனைவி சொன்னதும் கணவர் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் எழுத வேண்டும். எது உறுதியானது, எது அவர் வாய்ச்சொல் மட்டும் என்று வாசிக்கும் நீதிபதிக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும்.

பெயர்த் தேடலில் நம்மவர்களுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் கடைசியிலும் இன்னொன்றில் முதலிலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகும். அதையே பெயராகப் பதிந்து வைத்திருக்கும் மாநில ஆவணங்களும் உண்டு. புனைபெயர்களோடு திரிகிற ஆள் என்று தோற்றம் தருவதற்கு இது போதும். இப்படிப்பட்டவரை மாற்றி மாற்றித் தேடிவிட்டு, காரணத்தை அறிக்கையில் ஒரு வரி எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

பழைய வழக்குப் பட்டியலைக் கைது எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. முடிவு என்ன என்று பதிவாகாத கைதுகள் நிறைய இருக்கும். அவற்றைத் தண்டனை மாதிரி எண்ணினால் அறிக்கை பொய்யாகிவிடும். "ஆஜராகவில்லை" என்ற பதிவைப் பார்த்தால் அந்தத் தேதியில் அவர் எங்கே இருந்தார் என்று தேடுங்கள். பக்கத்துக் கவுண்டி ஜெயிலில் பூட்டியிருந்த நாளிலேயே இன்னொரு கோர்ட்டு அவருக்கு ஆஜராகாத வாரண்டு போட்டிருக்கும். கவுண்டி கோர்ட்டு எழுத்தருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் விஷயம். அதைச் செய்யாமல் விட்டால் ஆபத்துக் கணக்கில் ஒரு புள்ளி ஏறும்; அந்தப் புள்ளி ஒரு மனிதரை மாதக்கணக்கில் உள்ளே வைக்கலாம்.

அந்தக் கணக்கைப் பற்றி: 2009இல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுக் கருவியில் புள்ளி விழும் கேள்விகள் பதினொன்று. முந்தைய பெருங்குற்றத் தண்டனைகள், ஆஜராகாமை, நிலுவை வழக்குகள், இப்போதைய குற்றத்தின் வகையும் தரமும், வயது, படிப்பு, வேலை, சொந்த வீடா வாடகையா, போதைப் பிரச்சினை, குடியுரிமையும் வெளிநாட்டுத் தொடர்பும். கூட்டினால் ஆள் ஐந்து படிகளில் ஒன்றில் விழுவார். நல்ல கருவிதான். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், எதிரில் இருப்பவரைப் பற்றி இல்லை. சாட்சியை மிரட்டினார் என்ற செய்தியோ, மூன்று தலைமுறை ஒரே தெருவில் வாழ்ந்தார் என்பதோ அதில் கிடையாது.

பரிந்துரைதான் அறிக்கையின் உயிர். ஆஜராக வைக்கவும் ஆபத்தைத் தடுக்கவும் போதுமான, ஆகக் குறைந்த கட்டுப்பாட்டை விதிக்க வேண்டும் என்பது சட்டம். பல அறிக்கைகளில் நடப்பது வேறு. டெம்ப்ளேட்டில் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் அப்படியே ஒட்டப்படும். போதைப் பழக்கமே இல்லாத வரி ஏய்ப்பு வழக்குக்காரருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு? வெளிநாட்டுக்குப் பறந்துவிடுவார் என்பதுதான் பயம் என்றால் ராத்திரி ஊரடங்கு என்ன செய்யும்? பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்வதும், புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது என்பதும்தான் அதற்கு மருந்து. நாங்கள் கைக்கொள்ளும் முறை எளிமையானது: ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் அது எந்தக் கவலைக்குப் பதில் என்று பென்சிலால் எழுதிப் பார்ப்பது. எழுத முடியாததை அடித்துவிடுவது. இது கருணைக்காக மட்டும் இல்லை. ஆபத்துக் குறைந்தவர்கள்மேல் சிகிச்சையும் கண்காணிப்பும் ஏற்றினால் அவர்கள் தவறுவது கூடுகிறது என்று 2009இலேயே ஃபெடரல் கோர்ட் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. பத்து நிபந்தனை இருந்தால் மீற இடமும் பத்து.

பணம் பற்றி நம் ஊர் நினைப்போடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலும் ரொக்கம் கட்டுவதில்லை. வராவிட்டால் இவ்வளவு தருகிறேன் என்று அவரும், சில வேளை குடும்பத்தாரும் கையெழுத்திடும் பத்திரம்தான். கட்ட முடியாத தொகையை விதித்து அதன் மூலம் ஒருவரை உள்ளே வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. கையெழுத்திட வரும் அக்காவிடம் இது வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை, அவர் ஓடினால் உங்கள் சம்பளத்தைத் தேடி வரும் என்று புரியும்படி சொல்லுங்கள்.

உள்ளே வைக்கத்தான் வேண்டும் என்று பட்டால், எந்த நிபந்தனையும் எந்த நிபந்தனைகளின் கூட்டும் போதாது என்பதற்கான காரணத்தை எழுத வேண்டும். "குற்றம் கடுமையானது" என்பது காரணம் ஆகாது. உள்ளே வைப்பதா என்று முடிவு செய்யும் விசாரணையை அரசு வக்கீல் மூன்று நாளும் எதிர்த்தரப்பு ஐந்து நாளும் தள்ளி வைக்கக் கேட்கலாம். சனி, ஞாயிறு, விடுமுறை சேராது. அந்த நாட்களை வீணாக்காமல் விட்டுப்போன சரிபார்ப்பை முடித்துத் துணை அறிக்கை கொடுப்பவர்தான் நல்ல அதிகாரி.

பிணை கிடைத்த அன்று சாயங்காலம் நடக்கும் சின்ன விஷயங்களில்தான் பின்னால் வரும் பெரிய மீறல்கள் முளைக்கின்றன. ஐந்து மணிக்கு வெளியே வருகிறவரிடம் போன் இல்லை, பஸ் காசு இல்லை, வீடு நூறு மைல் தள்ளி. அவரிடம் மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து ரிப்போர்ட் செய் என்றால் எப்படி வருவார்? போவதற்கு முன் உத்தரவை வரி வரியாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று தண்டனைகளையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: ஆஜராகாவிட்டால் அதுவே தனிக் குற்றம், பிணையில் இருக்கும்போது பெருங்குற்றம் செய்தால் மற்ற தண்டனையோடு சேர்ந்து ஓடாமல் மேலும் பத்து ஆண்டு வரை சிறை, நிபந்தனை மீறினால் பிணையே ரத்தாகலாம். ஏழையாக இருந்து வேறு மாவட்டக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால், நீதிபதி உத்தரவிட்டால் மார்ஷல்கள் பயணச் செலவு தருவார்கள். ஆனால் அது போவதற்கு மட்டும், திரும்பி வருவதற்கு இல்லை. இதைச் சொல்ல மறந்து, முன்பின் தெரியாத ஊர் பஸ் நிலையத்தில் ஆள் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் கணுக்கால் கருவி என்றால் பூட்டுவதற்கு முன் வீட்டைப் பார்த்தாக வேண்டும். செல் சிக்னல் எங்கே கிடைக்கிறது, அடித்தளத்தில் படுக்கிறாரா, சுவர் எதனால் ஆனது? வீட்டில் வைக்கும் ரேடியோ பெட்டியை ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, மைக்ரோவேவ் பக்கத்தில் வைத்தால் ஆள் கட்டிலில் படுத்திருக்கும்போதே வெளியேறிவிட்டதாக நடு ராத்திரி எச்சரிக்கை வரும். ஜிபிஎஸ் கருவியைத் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும். தூங்கும்போது போடச் சொல்லாதீர்கள். புரண்டு படுத்தால் வயர் கழன்றுவிடும். சாப்பிடும் நேரம், டிவி பார்க்கும் நேரம் என்று ஒரு பழக்கத்தோடு கட்டிவிட வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் புள்ளி இரண்டு தெரு தள்ளிக் குதிக்கும். ஒரே ஒரு புள்ளியை வைத்து மீறல் எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள். முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளையும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

சிறுநீர் மாதிரி எடுக்கும்போது அதே பாலினத்தவர் நேரில் பார்க்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் கண்ணை விலக்கினால் மாதிரி செல்லாது. சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தண்ணீர் கலந்த மாதிரி என்று அர்த்தம். வேண்டுமென்றேவா, நிறையத் தண்ணீர் குடித்தாரா என்பதை ஒரே மாதிரியில் தீர்மானிக்காதீர்கள். மறுநாள் காலை முதல் வேளைக்கு அழையுங்கள். பல வருடம் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரும். புதிதாகப் பயன்படுத்தினாரா என்பதை ஆய்வகம் கிரியேட்டினினோடு ஒப்பிட்ட அளவு இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும். மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம், டாக்டர் அட்டை இருக்கிறது என்பது ஃபெடரல் பிணையில் செல்லாது. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் அவர் நம்மேல் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

மீறல் நடந்தால் நீதிமன்றத்துக்கும் அரசு வக்கீலுக்கும் தெரிவிப்பது கடமை. மறைக்க அதிகாரிக்கு உரிமை இல்லை. என்ன செய்யலாம் என்று சொல்வதில்தான் நம் கை ஓங்கும். நடவடிக்கை வேண்டாம், சிகிச்சையைக் கூட்டலாம், சம்மன் அனுப்பலாம், வாரண்டு வேண்டும் என்று நாலு படிகள். பிணையை ரத்து செய்ய, புதுக் குற்றம் என்றால் நம்பத்தக்க காரணம் போதும். மற்ற மீறல்களுக்குத் தெளிவான, உறுதியான சாட்சியம் வேண்டும். ஆகவே "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்கு அழைத்தோம், என்ன பதில் என்று எழுதி வைக்க வேண்டும். கோப்புக் குறிப்பை அன்றே எழுதாதவருக்குச் சாட்சிக் கூண்டில் பேச ஒன்றும் இருக்காது.

சேர விரும்புகிறவர்களுக்கு: இளங்கலைப் பட்டம் வேண்டும், முதல் நியமனத்தின்போது 37 வயது நிறைந்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை, போதைப் பரிசோதனை, பின்னணி விசாரணை உண்டு. பயிற்சி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், ஆறு வாரம். துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்பது அந்தந்த மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்வது. வீட்டுக்குப் போகும்போது வண்டியைத் தெரு வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துவது, கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். நாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதை வேலைதான் சொல்லித் தரும்.

வழக்கு முடிந்து கோப்பை மூடும்போது மறக்கப்படுவது பாஸ்போர்ட். ஒப்படைத்த அன்று கொடுத்த ரசீதின் நகலைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். யாரிடம் திருப்பித் தருவது என்பதற்குக் கோர்ட் உத்தரவு வரும் வரை, வக்கீல் எத்தனை தடவை போன் போட்டாலும், அது பெட்டகத்திலேயே இருக்கட்டும்.